தெருமுனையில் ஒரு கடல்

சிட்னியின் கார்டன்ஸ் பேயில் கடலடி உலகம் குடியிருப்புகளின் காலடியிலேயே தொடங்குகிறது. அதன் தலைவிதியும் அந்த வீடுகளின் கையில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை. மாடி வீட்டு பால்கனியில் துணி காய்கிறது. கீழே தெருவில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவர் உடம்பை இறுக்கும் கறுப்பு ரப்பர் உடைக்குள் நுழையப் போராடுகிறார்கள். முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக் கட்டிகள். மொத்த எடை 20 கிலோவுக்கு மேல். நாயோடு நடக்க வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிடுகிறார். இருவரும் தள்ளாடியபடி படிகளில் இறங்கி, மரச் சட்டங்களின் மேல் ஏற்றி வைக்கப்பட்ட சிறு படகுகளைத் தாண்டி, பாறை விளிம்புக்குப் போகிறார்கள். சற்று நேரத்தில் தண்ணீருக்கு மேலே குமிழிகள் மட்டுமே மிச்சம்.

ஸ்கூபா என்றால் இந்தியர்களுக்கு நினைவுக்கு வருவது அந்தமான் அல்லது கர்நாடகக் கரைக்கு அப்பால் இருக்கும் நேத்ராணி தீவு. படகேறிப் போக வேண்டும். ஆனால் க்ளொவெல்லி, கூஜி என்ற இரு குடியிருப்புப் பகுதிகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் இந்தச் சிறு குடாவுக்குப் படகு தேவையில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. தெருவில் நின்று உடை மாற்றிக்கொண்டு நடந்தே கடலுக்குள் இறங்கலாம்.

கடலடியில் வழிகாட்ட ஆள்கூட வேண்டாம். கார்டன்ஸ் பே ஸ்கூபா சங்கத்தினர் கான்கிரீட் நிரப்பிய பீப்பாய்களைத் தரையில் வைத்துச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்கள். சுமார் 600 மீட்டர் நீளும் இந்தப் பாதையில் ஆங்காங்கே தகவல் பலகைகள். ஆழம் 14 மீட்டருக்குள்தான். சங்கிலியைப் பார்த்துக்கொண்டே போனால் பாறைச் சுவர், பாசிக் காடு, மணல் திட்டு என்று ஒரு சுற்று முடிந்துவிடும். பெரிய கணவாய் ஒன்று கண்ணெதிரே நிறம் மாறலாம்.

ஆனால் இங்கே கதாநாயகன் நீல க்ரோப்பர் மீன். பெயர்தான் நம் களவா மீனை நினைவூட்டுகிறது; குடும்பம் வேறு. ஒரு மீட்டர் வரை வளரும். எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. பிறகு சில மட்டும் ஆணாக மாறி, பழுப்பு நிறம் போய்ப் பளிச்சென்ற நீலத்துக்கு வருகின்றன. ஒரே இடத்தைச் சுற்றி வாழும் இந்த மீனுக்கு மனிதரைக் கண்டால் பயமில்லை. கடல் முள்ளெலிகளை உடைத்துக் கொடுத்தே பலர் அதைப் பழக்கிவிட்டார்கள். நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வரும்.

அந்த நம்பிக்கையே அதற்கு ஆபத்து. ஈட்டியோடு வருபவனுக்கு இதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. ஒருகாலத்தில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோக, நியூ சவுத் வேல்ஸ் அரசு 1969இல் தடை விதித்தது. பின்னர் தூண்டிலுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது, ஈட்டிக்கு இல்லை. 1998இல் அதுவே மாநில மீனானது. 2002இல் ப்ரான்ட்டி முதல் கூஜி வரையிலான கரையோரம் நீர்வாழ் உயிரினக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இருந்தும் 2023 டிசம்பரில், நகரின் தெற்கே க்ரோனல்லா கரையில், அப்பகுதியினர் பேர் வைத்துக் கொண்டாடிய ஒரு க்ரோப்பர் ஈட்டிக்கு இரையானது. கொன்றவருக்கு அபராதம். மக்களின் கோபம் அடங்கவில்லை. 2024இல் தூண்டில் போடவும் அரசு தற்காலிகத் தடை விதித்தது.

ஈட்டியைச் சட்டம் தடுக்கும். சாக்கடையை?

பல ஆண்டுகள் சிட்னியின் கழிவுநீர் மலபார், பாண்டை போன்ற இடங்களில் கரையோரத்திலேயே கடலில் கொட்டப்பட்டது. (நம் மலபார் கரையின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று 1931இல் தரைதட்டிய இடம் அது; ஊருக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.) 1980களில் நகரையொட்டிய சுமார் 70 கிலோமீட்டர் கரையில் 'க்ரேவீட்' என்ற பாசிக் காடு அடியோடு மறைந்தது. மீனுக்கும் இறாலுக்கும் வீடாக இருந்த காடு அது. கழிவுநீரே காரணம் என்பது விஞ்ஞானிகளின் வலுவான சந்தேகம். 1990-91இல் குழாய்கள் கரையிலிருந்து 2 முதல் 4 கிலோமீட்டர் தொலைவுக்கு நீட்டப்பட்டன. தண்ணீர் தெளிந்தது. பாசி மட்டும் தானாகத் திரும்பவில்லை. 2011 முதல் விஞ்ஞானிகள் வேறு இடங்களிலிருந்து தாய்ப் பாசிகளைக் கொண்டுவந்து பாறைகளில் வலை போட்டுப் பொருத்துகிறார்கள். பல இடங்களில் குட்டிப் பாசிகள் முளைத்துவிட்டன.

கதை அதோடு சுபமாக முடியவில்லை. 2024 அக்டோபரில் கூஜி கரையில் ஆயிரக்கணக்கில் கறுப்பு உருண்டைகள் ஒதுங்கின. கார்டன்ஸ் பே உட்பட அக்கம்பக்கத்துக் கடற்கரைகள் மூடப்பட்டன. கப்பல் எண்ணெய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதனையில் தெரிந்தது வேறு: சமையல் கொழுப்பு, சோப்புக் கசடு, மனிதக் கழிவு, மருந்துகள். அதாவது, சமையலறையிலும் குளியலறையிலும் போனது வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

மழை பெய்தாலும் அதே கதைதான். தெருவின் அழுக்கெல்லாம் மழைநீர் வடிகால் வழியே குடாவுக்குள் இறங்கும். பெருமழைக்குப் பின் ஒரு நாளாவது கடலில் இறங்காதீர்கள் என்பது அதிகாரிகளின் அறிவுரை. அலை குடாவுக்கு நேராக அடிக்கும் நாட்களிலும் அனுபவசாலிகள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வழுக்கும் பாறையில் 20 கிலோ சுமையோடு விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த இருவரும் கரையேறுகிறார்கள். பற்கள் கிடுகிடுக்கின்றன, குளிர்காலத்தில் தண்ணீர் 16, 17 டிகிரிதான். நீலமாக ஒன்று அருகில் வந்ததைக் கையை அகல விரித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். தெருக் குழாயோர வடிகால் மூடியைக் கடந்து கார் நோக்கி நடக்கிறார்கள். அந்த மூடிக்குக் கீழே போகும் தண்ணீருக்கும் அவர்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த மீனுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.