உபவாசம் இருந்தால் மூளைக் கட்டி கரையுமா?

"பட்டினி கிடந்தா செல் தன்னையே தின்னுமாமே டாக்டர்! அப்போ மூளையில இருக்கிற கட்டியும் கரைஞ்சிடுமா?"

ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து பலரும் இப்படிக் கேட்கிறார்கள். விஷயம் அத்தனை சுலபமில்லை.

செல்லுக்குள் பழுதாகிப்போன புரதங்களை ஒரு சவ்வுப் பை வளைத்துக்கொள்ளும். அது 'லைசோசோம்' என்ற ஜீரணப் பையோடு சேர்ந்ததும், உள்ளே இருப்பது கரைந்து மறுபடி சத்தாகும். இதுதான் 'ஆட்டோஃபேஜி', அதாவது செல்லின் தன்-ஜீரணம். சாப்பாடு கிடைக்காதபோது இது வேகமெடுக்கும்.

ஊர்ந்து பரவும் கட்டி

மூளைக் கட்டிகளில் ரொம்பப் பொல்லாதது 'க்ளையோபிளாஸ்டோமா'. இது மற்ற புற்றுநோய்கள் போல ஈரலுக்கோ நுரையீரலுக்கோ தாவுவது அபூர்வம். மூளைக்குள்ளேயே ரத்தக் குழாய்களின் ஓரமாகவும் நரம்பிழைகளின் வழியாகவும் ஊர்ந்து போகும். கட்டியை வெட்டி எடுத்தபிறகும் மறுபடி முளைப்பது இதனால்தான்.

நண்பனா, எதிரியா?

ஊர்கிற செல்லுக்குத் தெம்பு வேண்டும். பிடித்த இடத்தை விட்டு அடுத்த இடத்தைப் பிடிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் தன்-ஜீரணம் கைகொடுக்கிறது. ரத்த ஓட்டம் போதாத இடத்திலும், ரேடியேஷனில் அடிபட்ட பிறகும் புற்றுசெல் பிழைத்துக்கிடக்க இதுவே உதவும். ஆனால் வேறு சில ஆய்வுக்கூடச் சோதனைகளில், இதைத் தூண்டிவிட்டபோது செல்களின் ஓட்டம் குறைந்திருக்கிறது. ஆக, இது இருபுறமும் கூரான கத்தி!

சரி, தடுத்துவிட்டால்? மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை தன்-ஜீரணத்தைத் தடுக்கும். ரேடியேஷன், டெமோசோலமைடு மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. அளவைக் கூட்டியபோது ரத்த அணுக்கள்தான் குறைந்தன.

என்ன செய்யலாம்?

லங்கணம் எங்கள் சித்த மருத்துவத்திலும் உண்டு. அது அஜீரணத்துக்கு, காய்ச்சலுக்கு. மூளைக் கட்டிக்காரரைப் பட்டினி போட்டால் கட்டி இளைக்கும் என்று நம்பாதீர்கள், ஆள்தான் இளைத்துப்போவார். ரேடியேஷனைத் தாங்க உடம்பில் வலு வேண்டாமா? கஞ்சியோ, முட்டையோ, பருப்போ... முடிந்ததைக் கொடுங்கள். வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். எந்தச் சூரணம், லேகியம் சாப்பிட்டாலும் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, புதிதாக வந்த வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்... இவை வந்தால் கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.