கணக்குத் தொழிலுக்கு எந்தப் பட்டம்?

மேல்நிலைப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், வேப்பூர், விருத்தாசலம் பகுதி அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. பிள்ளை கணக்குத் தொழிலுக்குச் செல்ல விரும்புகின்றான். அரசுக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைக்கவில்லை, வேறு பாடத்தில் சேர்ந்தால் வழி அடைபட்டுவிடுமா என்பது அக்கேள்வி. அடைபட்டுவிடும் என்று அஞ்சிச் சிலர் கைக்குக் கிடைத்த பொருளியல் இடத்தையோ வேதியியல் இடத்தையோ விட்டுவிட்டுத் தனியார் கல்லூரியை நாடுகின்றனர். அதற்கென வட்டிக்குக் கடன் வாங்குவோரும், வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடுகளை விற்றுக் கட்டணம் செலுத்துவோரும் உளர். அக்கடன் பெரும்பாலும் அவசியமற்றது என்பதே நமது கருத்து.

முதலில், கணக்குத் தொழில் என்பது பேரேடு எழுதுவது மட்டுமன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பதிவதையும் கூட்டுவதையும் இனி இயந்திரம் செய்துவிடும். எதை எங்கே பதிவது என்று தீர்மானிக்கும் அறிவுக்குத்தான் இனி மதிப்பு.

நமது பகுதிக்குப் பழக்கமான பீங்கான் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஒரு சூளையில் 1,000 கோப்பைகள் அடுக்கப்படுகின்றன. மண், எரிபொருள், கூலி யாவும் சேர்ந்து ரூ.9,000 செலவாகின்றது. ஒன்றின் அடக்கவிலை ரூ.9 என்று சொல்லத் தோன்றும். ஆனால் நூற்றுக்குப் பத்து உடைவது வழக்கமாயின், விற்பனைக்கு நிற்பவை 900, அடக்கவிலை ரூ.10 ஆகின்றது. ஒன்பதரை ரூபாய்க்கு விற்பவர் இலாபம் என்று எண்ணிக்கொண்டே நட்டமடைகின்றார். சரி, ஒரு நாள் 100க்குப் பதில் 300 உடைந்துவிட்டால்? மிகுதியாக உடைந்த 200 கோப்பைகளின் செலவாகிய ரூ.2,000ஐ நல்ல கோப்பைகளின் விலைமேல் ஏற்றுவது முறையன்று. அதனைத் தனி நட்டமாக இலாப நட்டக் கணக்கிற்குக் கொண்டு செல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த மாதம் விலை நிர்ணயிப்பவர் தவறான அடக்கவிலையை நம்பிவிடுவார். ஆண்டு முடிவில் தறியில் பாதி நெய்து நிற்கும் பாவினை நூலாக மதிப்பதா, சேலையாக மதிப்பதா என்று நெசவாளர் சங்கங்களில் எழும் கேள்வியும் இவ்வகையினதே. நூலின் விலையோடு அதுவரை ஆன கூலியையும் சேர்த்து மதிப்பதே அதற்கு முறை.

இத்தகைய கணக்குக்கென உள்ள தேர்வுகளை நடத்துவது, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம். பொருளியலோ வேதியியலோ பயின்று பட்டம் பெற்றவரும் முதல்நிலைத் தேர்வின்றி நேரே இடைநிலைக்குச் சேரலாம். மண்ணின் குணமும் சூளையின் வெப்பமும் அறிந்த ஓர் அறிவியல் பட்டதாரி, பீங்கான் ஆலையின் கணக்கை வணிகவியல் மட்டும் படித்தவரைக் காட்டிலும் நன்றாகவே பார்ப்பார் என்று நாம் நினைக்கின்றோம்.

ஆடிட்டர் எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பிற்கு மேல்நிலைத் தேர்ச்சியோடு அடிப்படைத் தேர்வெழுதிச் செல்லலாம். அதற்குப் பட்டமே வேண்டியதில்லை. பட்டம் பெற்றபின் சேர விரும்புவோர், வணிகவியலாயின் நூற்றுக்கு 55, பிற பாடங்களாயின் 60 மதிப்பெண் பெற்றிருந்தால் அவ்வடிப்படைத் தேர்வு இன்றியே சேரலாம். வணிகவியலுக்கும் பிற பாடங்களுக்கும் இடையே விதி வைத்துள்ள வேறுபாடு ஐந்தே மதிப்பெண்! இதற்காகவா ஆடுகளை விற்பது? பி.காம். படித்தவருக்குப் பாடச்சுமை சற்றுக் குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டு முதல் செயல்முறைப் பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் உதவித்தொகை உண்டு. எனினும் நகரத்தில் தங்கி உண்ண அது போதும் என்று எண்ணிவிடலாகாது. கடன் வாங்கத்தான் வேண்டுமெனில் இக்காலத்திற்கு வாங்குவது தகும்.

பெண்மக்களைப் பெற்றவர்கள் ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றி அறிந்திருத்தல் நலம். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்ற இவர் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் 1933ஆம் ஆண்டில் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிய இயலாது என்ற தடை குறுக்கே நின்றது. நீதிமன்றத்தை நாடி அதனையும் நீக்கி, 1937ஆம் ஆண்டில் தனியே தொழில் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் கதரே உடுத்தியவர் என்பது நெசவாளர் குடும்பங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கூட்டுறவுச் சங்கங்களில் பணிபுரிய விரும்புவோர் நிலை சற்று வேறானது. இங்கு ஏதேனும் ஒரு பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுவது வழக்கம். தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் அப்பட்டயப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. கூட்டுறவையே சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம். கிடைக்குமாயின் அதனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அப்பட்டதாரிகளுக்குத் தனிப் பயிற்சியினின்று விலக்கு உண்டா என்பதை அந்தந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் பார்த்துக்கொள்க. மத்திய அரசின் தணிக்கை அலுவலகங்களுக்கான பட்டதாரித் தேர்விலோ எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் கலந்துகொள்ளலாம்.

பாடத்தைக் காட்டிலும் நம் பிள்ளைகளை மிகுதியாகத் தடுப்பது மொழியே. பட்டயக் கணக்காளர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். தமிழில் எழுத இயலாது. தமிழ்வழி பயின்ற மாணவன் எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும், முதலாண்டிலிருந்தே கணக்கியல் நூலொன்றை ஆங்கிலத்தில் நாள்தோறும் சில பக்கங்கள் படித்துவருதல் வேண்டும். பொதுப்பேரவைக்கு முன் சங்கம் அளிக்கும் ஐந்தொகையையும் அங்கத்தினர்கள் மடித்து வைத்துவிடாமல் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். சென்ற ஆண்டினதையும் இவ்வாண்டினதையும் அருகருகே வைத்து, எந்தத் தொகை ஏன் மாறிற்று என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டாலும், காரணத்தை அறிய விரும்பிச் சங்கச் செயலாளரைத் தேடிப் போகின்ற பிள்ளையை எந்தப் பட்டத்தில் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.