உம்மம்மாவின் கைப்பிடியும் ஆக்கவுரிமையும்

உயர்தரத்தில் நான் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று உயிர்முறைமைகள் தொழினுட்பவியல். அதன் குழுச் செயற்றிட்டத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கத்தரிச் செடிக்கு அடிக்கும் பூச்சிவிரட்டி ஒன்றைத் தயாரித்தோம். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடித்தெடுத்த சாறு. கோப்பாயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு முற்றத்தில் பெரிய வேம்பு ஒன்று நிற்பதால், கொட்டை பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மூன்றாம் முறை அடித்த பிறகு இலைகளின் அடியில் மொய்த்திருந்த பூச்சிகள் குறைந்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுக்குப் பேட்டன்ட் எடுத்தா நாங்க பெரிய ஆக்கள்டி" என்றாள் ஒருத்தி. ரீச்சர் சிரித்துவிட்டு, "எடுக்க ஏலுமா எண்டு தேடிப் பாருங்கோ" என்றார்.

தேட முன்னமே பாதி விடை வேலிக்கு அப்பாலிருந்து வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். போத்தலைக் காட்டினேன். மணந்து பார்த்தார். "பிள்ளை, உதை என்ர அப்பு காலத்திலேயே நாங்கள் அடிச்சனாங்கள்" என்றார்.

பேட்டன்ட் என்பதை நமது சட்டம் ஆக்கவுரிமை என்கிறது. இலங்கையில் அதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் அதை நடைமுறைப்படுத்துகிறது. இதை நான் ஒரு பரிசு என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் இது ஒரு கொடுக்கல் வாங்கல். புதிதாக ஒன்றை ஆக்கியவர், அதை எப்படிச் செய்வது என்பதை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்கு அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி அரசு தடுக்கும். அந்தக் காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொது.

கேட்கும் நிபந்தனைகள் மூன்று. ஆக்கம் புதியதாக இருக்க வேண்டும். அத்துறை தெரிந்த எவருக்கும் இலகுவில் தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. கைத்தொழிலில் பயன்பட வேண்டும். எங்கள் வேப்பஞ்சாறு முதலாவதிலேயே விழுந்துவிட்டது. இலங்கைச் சட்டத்தின்படி, உலகின் எந்த மூலையிலாவது எழுத்தாலோ வாய்மொழியாலோ பாவனையாலோ பொதுமக்களுக்கு ஏற்கெனவே வெளிப்பட்ட ஒன்று புதியதல்ல. ஐயாவின் அப்பு எங்களை எப்போதோ முந்திவிட்டார்.

இங்கே நம் மொழி ஒரு சிக்கலைத் தருகிறது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்கிறோம். எடிசன் மின்குமிழைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். சட்டத்துக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. இருந்த ஒன்றைக் கண்டறிவதற்கு உரிமை கிடையாது. இல்லாத ஒன்றை ஆக்கியதற்குத்தான் கிடைக்கும். ஆக்கவுரிமை என்ற சொல் அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இருந்ததற்கும் ஆக்கியதற்கும் நடுவிலுள்ள கோடு உயிர்த் தொழினுட்பத்தில் வந்துதான் தடுமாறுகிறது. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் பிளாஸ்மிட்டுகளை ஒரே பற்றீரியாவுக்குள் சேர்த்து, கசிந்த எண்ணெயைச் சிதைக்கக் கூடிய ஒன்றை அவர் உருவாக்கினார். 1972 இல் விண்ணப்பித்தார். செய்முறைக்கு உரிமை தருகிறோம், உயிருள்ள பற்றீரியாவுக்குத் தர முடியாது என்றது அலுவலகம். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1980 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் திகதி, ஐந்து நீதியரசர்கள் அவர் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. மனிதன் ஆக்கியதென்றால் அது உயிருள்ளதா இல்லையா என்பது முக்கியமல்ல என்றது நீதிமன்றம். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, இதை வாசித்தபோது அந்தப் பற்றீரியா மீது எனக்கு ஒரு மரியாதை வந்தது. சக்கரவர்த்திக்கு உரிமை கிடைத்ததில் எனக்கு மறுப்பில்லை. இயற்கையில் இல்லாத ஒன்றை அவர் செய்தார்.

2013 இல் அதே நீதிமன்றம் மறுபக்கம் நின்றது. மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடைய இரண்டு பரம்பரையலகுகளுக்கு மிரியட் ஜெனெட்டிக்ஸ் என்ற நிறுவனம் உரிமை வைத்திருந்தது. உடலிலுள்ள டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பதால் மட்டும் அது எவருடைய ஆக்கமும் ஆகிவிடாது என்று ஒன்பது நீதியரசர்களும் சொன்னார்கள்.

இனி மஞ்சளுக்கு வருவோம். தம்பி சைக்கிளால் விழுந்து முழங்கால் தேய்ந்து வந்தால் உம்மம்மா முதலில் தேடுவது மஞ்சள் தூளைத்தான். 1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த இருவர் பெயரில் அமெரிக்கா ஆக்கவுரிமை வழங்கியது. இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது இன்னும் வியப்பு. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 இல் இதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூலையும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் உள்ளடக்கிய 32 எழுத்துச் சான்றுகளை முன்வைத்தது. 1997 ஓகஸ்டில் உரிமை இரத்தானது.

எல்லோருக்கும் தெரிந்த மஞ்சளுக்கு 32 சான்றுகள் எதற்கு என்று நான் கேட்டேன். காரணம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இருந்தது. அமெரிக்காவுக்குள் ஒரு விடயம் மக்களின் பாவனையில் இருந்தாலே போதும், அது பழையதாகிவிடும். வெளிநாடென்றால் அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது முன்னரே ஆக்கவுரிமை பெற்றிருக்க வேண்டும். அதாவது, மிசிசிப்பியில் ஒரு பாட்டி செய்தால் அது சான்று. யாழ்ப்பாணத்தில் பத்தாயிரம் உம்மம்மாக்கள் செய்தாலும் சான்றல்ல. 2011 இல் கொண்டுவரப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது.

வேம்பின் கதை ஐரோப்பாவில் நடந்தது. வேப்பெண்ணெயால் பயிர்களில் பங்கசுவைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1990 இல் விண்ணப்பித்தன. 1994 இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. அடுத்த வருடம் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் குழு, சேதன விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் ஆகியோர் சேர்ந்து எதிர்த்தனர். 1985, 1986 ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிராவில் வேப்பஞ்சாற்றைப் பயிர்களில் பரிசோதித்த அபய் பட்கே என்பவர் நேரில் சாட்சி சொன்னார். 2000 ஆம் ஆண்டு மே மாதம் உரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. ஒரு மரத்தை மீட்க எதிர்ப்புத் தொடங்கியதிலிருந்து பத்து வருடம். சாட்சி சொல்ல ஆளில்லாத மூலிகைகளின் கதி என்ன?

இந்தியா 2001 இலிருந்து இதற்கென்று பாரம்பரிய அறிவின் இலத்திரனியல் நூலகம் ஒன்றை உருவாக்கி வருகிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களிலுள்ள இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் அதில் உள்ளன. விண்ணப்பம் ஒன்றைப் பரிசீலிக்கும் அதிகாரி அதைத் திறந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஏறுவது நூலில் இருப்பதுதான். கோப்பாயிலிருந்து கைதடி வீதியால் போனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கும் இடம் வரும். அங்கேயும் நூல்களில் உள்ளதைப் படிக்கலாம். வீடுகளில் இருப்பதை யார் எழுதுவது?

எங்கள் வீட்டில் ஒருவர் எழுதியிருந்தார். உம்மம்மாவின் வாப்பா ஒரு பரிசாரியார். பாதி தமிழிலும் பாதி அறபுத்தமிழிலும் எழுதிய தடித்த கொப்பி ஒன்று அவரிடம் இருந்ததாம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டியிருந்தபோது, உம்மம்மா கையில் குழந்தையுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். கொப்பி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. வேம்புக்கு விண்ணப்பம் போனதும் அதே வருடம்தான் என்று உம்மம்மாவிடம் சொன்னேன். "அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க, நாம விட்டிட்டு வந்துட்டோம்" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அச்சில் வருவதும் சான்றுதான். எங்கள் கல்லூரிச் சஞ்சிகையும் அச்சில்தான் வருகிறது. ஆகவே பக்கத்து ஐயாவிடம் அனுமதி கேட்டு, அவருடைய முறையை இங்கே எழுதி வைக்கிறேன். காய்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடவும். காலையில் துணியால் வடித்து, சவர்க்காரக் கரைசல் சிறிது சேர்க்கவும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்கவும். நாங்கள் நிறுத்து அளந்ததுதான் 50 கிராம். ஐயாவின் அளவு ஒரு சிரட்டை.

உம்மம்மாவுக்கு நினைவிலிருப்பதையும் வெள்ளிக்கிழமைகளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போடுகிறேன். இதுவரை பதினொரு மருந்துகள். அளவு கேட்டால்தான் இருவருக்கும் சண்டை. "ஒரு கைப்பிடி" என்பார். யாருடைய கைப்பிடி என்றால், "என்ட கைதான், வேற யார்ட கை" என்பார். போன வெள்ளி உம்மாவின் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து, அவருடைய கையால் கொத்தமல்லியை அள்ளிப் போடச் சொன்னேன். மூன்று முறை அள்ளினார். 31 கிராம், 28 கிராம், 30 கிராம். கொப்பியில் மூன்றையும் எழுதியிருக்கிறேன்.