கரை சேரும் முன்னே ஒரு போன்

1997 ஜனவரியில் ஒரு காலை. வட கேரளத்தின் வடகரை கடற்கரையில் மத்தி நிறைந்த 11 படகுகள் நிற்கின்றன; வாங்க ஆளில்லை. அதே நேரம், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பத் தயாராக இருந்தார்கள்.

மத்தி காத்திருக்காது. வைத்து விற்க ஐஸ் வசதி இல்லை. அடுத்த கரைக்குப் போய்ப் பார்க்கலாமென்றால் எரிபொருள் செலவு. போய்ச் சேர்வதற்குள் சந்தையே கலைந்துவிடும். ஆகவே மீனைக் கடலிலேயே கொட்டினார்கள். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் இப்படியே வீணானது. பாடுபட்டு வலை இழுத்த கைகளே அதைத் திரும்பக் கொட்டுவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த ஆண்டு கோழிக்கோட்டுக்கு செல்போன் வந்தது. பிறகு கண்ணூர், காசர்கோடு. சிக்னல் கடலுக்குள் 20 கிலோமீட்டர் தாண்டியும் எட்டியது. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. இருந்தும் மீனவர்கள் வாங்கினார்கள். நடுக்கடலில் நின்றபடியே கரை கரையாகப் போன் போட்டு விலை கேட்டார்கள். பேசி முடித்த பிறகுதான் படகைத் திருப்பினார்கள்.

பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 15 கடற்கரைச் சந்தைகளில் 2001 வரை வாராவாரம் கணக்கெடுத்து, 2007இல் ஆய்வை வெளியிட்டார். மீனைக் கொட்டுவது அறவே நின்றிருந்தது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியிருந்தது.

இன்று நம் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததும் ஸ்பீக்கர் தொகையைச் சொல்கிறது. சில்லறைத் தொல்லை தீர்ந்தது, நல்லதுதான். ஆனால் அது விற்று முடிந்த பிறகு பேசுகிற கருவி. நாளைக்கு எதை எவ்வளவு வாங்கிப்போடுவது, எந்த மொத்த வியாபாரியிடம் விலை குறைவு என்று கடைக்காரர் தவிக்கும் இடத்தில் அது வாய் திறப்பதில்லை. மீனவரின் போன் உதவியது, விற்பதற்கு முன்னால். சிறு வியாபாரிக்குக் கருவி செய்கிறவர்கள் முதலில் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பேன்.

அந்த ஆய்வில் என் மனதில் நின்ற கணக்கு இன்னொன்று. மீனவருக்கு லாபம் கூடிய அதே நாட்களில் மத்தி விலை 4 சதவீதம் குறைந்தது. மத்தி ஏழை வீட்டு மீன்.