ஊசியில் ஏறும் ஓமோன்

ஆண்மைக்குரிய உரமும் குரலும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை 1849ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் சேவல்கள் காட்டிக்கொடுத்தன. விதைகளை அகற்றிய இளஞ்சேவல்கள் கொண்டை குன்றிக் கூவாது வளர்ந்தன. அகற்றியதை வயிற்றினுள்ளே மீண்டும் வைத்துவிட்டவையோ கூவின, சண்டையும் பிடித்தன. பேர்தோல்ட் என்ற அறிஞர் கண்ட இவ்வுண்மைக்குக் காரணமான தெஸ்தோஸ்தரோன் என்னும் ஓமோன், 1935இலேதான் காளைகளின் விதைகளிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆய்வுகூடத்திலும் ஆக்கப்பட்டது.

மருந்து கிடைத்தது, உடலிலே தங்கவில்லை. விழுங்கினால் ஈரல் அதனை அழித்துவிடும். ஊசியால் ஏற்றினாலும் விரைவிற் கழிந்துவிடும். ஆதலால் அதனோடு கொழுப்பமிலமொன்றைப் பிணைத்து, நல்லெண்ணெயிலோ ஆமணக்கெண்ணெயிலோ கரைத்துத் தசையினுள் ஏற்றலாயினர். நம் அடுக்களைப் பொருள்தான்! அவ்வெண்ணெயிலிருந்து மருந்து சிறுகச் சிறுகக் கசிந்து குருதியிற் சேரும்.

ஆனால் அக்கசிவு ஒரே சீரானதன்று. எனந்தேற்று என்னும் வகை இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை ஏற்றப்படுவதுண்டு. ஏற்றிய சில நாட்களுள் ஓமோனின் அளவு உச்சத்தை அடையும். சிலரிடம் இயல்பான எல்லையையும் கடக்கும். பின்னர் இறங்கி, அடுத்த ஊசிக்கு முன்னரே எல்லைக்குக் கீழே போய்விடவும் கூடும். முதல் வாரத்தில் ஊக்கத்தோடு நடமாடியவர் கடைசி நாட்களிற் சோர்ந்து கிடப்பதன் காரணம் இதுவே. மூன்றாம் நாள் எடுத்த குருதியும் பதினான்காம் நாள் எடுத்த குருதியும் ஒரே மனிதரைப் பற்றி இருவேறு கதைகளைக் கூறும். ஊசி ஏற்றிய நாளைச் சொல்லாமற் காட்டும் சோதனை முடிவு மருத்துவரையும் ஏமாற்றும். அளவைப் பாதியாக்கி வாரந்தோறும் ஏற்றினால் மேடுபள்ளம் குறையும். அண்டெக்கனோவேற்று என்னும் வகையோ 1000 மில்லிகிராம் ஏற்றினால் 10 முதல் 14 வாரங்கள்வரை நின்றுதவும்.

செங்குருதிக் கலங்கள் மிகுந்து குருதி தடிப்பதும் உண்டு. அதனையும் சோதித்தல் வேண்டும்.

பலர் அறியாத விளைவு வேறொன்று. குருதியிலே ஓமோன் நிறைந்திருக்கக் கண்ட மூளை, கபச்சுரப்பி வழியாக விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் ஓய்ந்து சுருங்கும், விந்தணுக்கள் அருகும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஏற்றப்பெற்ற நல்ல உடல்நலமுள்ள ஆடவர் 271 பேருள் 157 பேரிடம் ஆறு மாதத்துள் விந்தணுவே இல்லாதொழிந்தது. கருத்தடைக்காகவே அச்சோதனை நடத்தப்பட்டது. பிள்ளை வேண்டுமென்று காத்திருக்கும் ஒருவர், உடற்சோர்வு நீங்கவென்று இதே ஊசியை ஏற்றிக்கொண்டால், மருந்தே அவர் எண்ணத்திற்குத் தடையாகும். நிறுத்தியபின் விந்தணு மீளப் பெரும்பாலும் மாதங்கள் பல செல்லும். சிலருக்கு ஓராண்டிற்கு மேலும் ஆகும்.