நண்பரின் மனம் உடையும்போது நேராகவே கேளுங்கள்

ஜூரோங்கில் உள்ள ஊழியர் தங்கும் விடுதி ஒன்றில், பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஃபோன் பேசுவதும் குறைந்துவிட்டது. “எல்லாருக்கும் நான் பாரம்தான்” என்கிறார். புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி, “நீயே வச்சுக்க” என்று நீட்டுகிறார்.

“சொல்றவன் செய்ய மாட்டான்” என்பது நம்மிடையே ஊறிப்போன பேச்சு. அது தவறு. உயிரை விட நினைப்பவர்களில் பலர் அதை ஏதாவது ஒரு விதத்தில் முன்பே வெளிப்படுத்துகிறார்கள்.

“கவலப்படாத, எல்லாம் சரியாயிடும்” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “மாப்ள, உயிர விட்ரலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்கு மூச்சு வரும். பதில் வரும்வரை காத்திருங்கள். பெற்றோரை நினைத்துப் பார், கடனை நினைத்துப் பார் என்று அடுக்க வேண்டாம். அவர் ஏற்கெனவே அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார்.

“யார்கிட்டயும் சொல்லாத” என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். “தனியா என்னால சமாளிக்க முடியாது, சேர்ந்தே ஃபோன் பண்ணுவோம்” என்று சொல்லலாம்.

போலிஸ் பிடிக்கும் என்ற பயம் பழைய சட்டத்தின் மிச்சம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2019ல் நாடாளுமன்றம் நீக்கியது. 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமல்ல. அதே 2020ல்தான் கொவிட்-19 காரணமாக விடுதி ஊழியர்கள் மாதக்கணக்கில் அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களின் மனநலம் பொதுப் பேச்சானதும் அப்போதுதான்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஹெல்த்செர்வ் தொண்டு அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000. தமிழிலேயே பேசலாம். அது முதலாளியின் அலுவலகமல்ல. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணிலும், மனநலக் கழகத்தை 6389 2222 என்ற எண்ணிலும் எந்நேரமும் யாரும் அழைக்கலாம். வீவக வீட்டில் இருப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

இன்றிரவே ஆபத்து என்று தோன்றினால் 995ஐ அழையுங்கள், அல்லது ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆபத்தாகக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்திவிட்டு, உதவி வரும்வரை கூடவே இருங்கள். நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டுமென்றால் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுப் போங்கள்.

அவர் திரும்பி வந்த பிறகும் சில வாரங்கள் கடினமானவை. அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் நழுவுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகும்போது அவரையும் கூப்பிடுங்கள். “வரல” என்றால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள்.