காய்ச்சல் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

காலை மணி ஆறரை. பிள்ளையின் நெற்றி லேசாகச் சுடுகிறது. அப்பாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். கொஞ்சம் பாராசிட்டமோல் கொடுத்ததும் சூடு இறங்குகிறது. "சாயங்காலம் கிளினிக் போகலாம்" என்று சொல்லி, பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் திரும்புகிறது. அதற்குள் பிள்ளை பொம்மையை வாயில் வைத்திருக்கும், பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் போத்தலில் குடித்திருக்கும். மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள், வாய்க்குள் புண்கள். கை, கால், வாய்ப்புண் நோய்.

பினாங்கு மக்களுக்கு இது புதிய பெயரல்ல. 2018இல் நாடெங்கும் இந்நோய் பரவியபோது இங்கே பாலர் பள்ளிகளும் பராமரிப்பு மையங்களும் மூடப்பட்டன. இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகள் இறந்தன. அதற்கு முன் 1997இல் சரவாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியாயினர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே குணமாகிவிடும் நோய்தான் இது. ஆனால் இதை உண்டாக்கும் கிருமிகளில் என்டரோவைரஸ் 71 என்ற வகை, சில வேளைகளில் மூளையையும் இதயத்தையும் தாக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த வகை வந்திருக்கிறது என்பது புள்ளிகளைப் பார்த்தால் தெரியாது.

நம் வீடுகளில் உடம்பில் கொப்புளம் கண்டால் "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டி வாசலில் வேப்பிலை செருகுவார். அது பக்தி மட்டுமல்ல, "உள்ளே வராதே" என்ற அறிவிப்பும்கூட. அந்த அறிவிப்பை இன்று வாட்ஸ்அப் குழுவில் போடத்தான் நமக்குக் கூச்சம். "வகுப்பில் யாருக்காவது இருக்கா?" என்று யாராவது கேட்டால், பதில் தெரிந்த பெற்றோரும் மௌனமாகிவிடுகிறார்கள். இது அசுத்தத்தின் அடையாளம் அல்ல. எவ்வளவு சுத்தமான வீட்டுப் பிள்ளைக்கும் வரும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு பள்ளி வாசல்தோறும் கிருமிநாசினி ஜெல் வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தக் கிருமிக்கு எதிராக அந்த ஆல்கஹால் ஜெல்லுக்கு வலு குறைவு. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் சரி. பொம்மை, மேசை, கதவுப்பிடி ஆகியவற்றை நீர் கலந்த குளோரின் பிளீச் கொண்டு துடைத்துப் பிறகு கழுவ வேண்டும். இன்னொன்று, எச்சிலும் கொப்புள நீரும் மட்டும் இதைப் பரப்புவதில்லை. குணமான பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். டயப்பர் மாற்றும் கைகளை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியது அதனால்தான்.

நோய் கண்ட பிள்ளையை 10 நாள் வீட்டில் வைத்திருக்கும்படி சுகாதார அமைச்சு சொல்கிறது. சிக்கல் தொடங்குவதே இங்கேதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாத தொழிலாளிக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தரும் ஆண்டு விடுமுறை 8 நாள். ஐந்து ஆண்டு ஆனால்தான் 16. எம்.சி. என்பது தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே. பிள்ளையின் நோய்க்கென்று அந்தச் சட்டத்தில் தனி விடுமுறை கிடையாது. சனி, ஞாயிறு கழித்தாலும் 10 நாளில் ஏழெட்டு வேலை நாள் போய்விடும். அண்ணனுக்கு வந்து மூன்று முதல் ஆறு நாளில் தங்கைக்கும் வந்தால் கணக்கு இன்னும் நீளும். பாராசிட்டமோல் கொடுத்து அனுப்பும் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவது சுலபம். அவர்களிடம் விடுமுறை மிச்சம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் இதைப் பேச வேண்டும்.

அதுவரை, கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதி நாள்களைப் பிரித்துக்கொள்வதே நடைமுறை. அந்தப் பாதியை அம்மாவின் தலையிலேயே கட்டிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இந்நோய்க்குத் தனி மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் பயன்படாது. வாய்ப்புண்ணால் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும். ஆற வைத்துக் குளிரூட்டிய பார்லி தண்ணீர், குளிர்ந்த பால், ஐஸ்கிரீம் எதுவானாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக நீடித்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால், மூச்சு வேகமாக வாங்கினால், எழுப்பியும் சோர்ந்து கிடந்தால், காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். தூக்கத்தில் திடீர் திடீரெனத் திடுக்கிட்டு உடம்பு உதறினால், கனவு கண்டு பயந்துவிட்டது என்று திருநீறு பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். அது மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்த ஆண்டுக்குப் பாலர் பள்ளி தேடுகிறவர்கள் கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் கேட்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். காலையில் வாசலில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் வாயையும் பார்க்கிறீர்களா? ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் அன்றே மற்றப் பெற்றோருக்குச் சொல்வீர்களா?